நீங்கள் திறந்துவிட்ட ஜாவாக் குருவிகள்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

இலங்கைக்கு, நம்ம ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து நாலு நாளாகிறது. வழக்கம்போல கழுத்தில் கேமராவோடுதான் அலைகிறேன். அண்ணனின் முதல் வருசத் திதிக்கு வந்தவன் குருவி பின்னால் ஓடுகிறானே என்று லயத்து வரிசைவீட்டுச் சனம் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

கூண்டைத் திறந்து நீங்கள் விட்ட ஆறு ஜாவாக் குருவிகள் இப்போது ஒரு கூட்டமாகிவிட்டன. தடித்த சிவப்பு அலகும் வெள்ளைக் கன்னமுமாக அவை தேயிலைக்கு மேல் பறக்கும்போது, படம் எடுத்து மாளவில்லை. லயத்துக் கூரைத் தகர இடுக்கில் குஞ்சு பொரித்திருக்கின்றன. இந்தக் குளிருக்குத் தாங்காது என்று சொன்னேனே, நன்றாகத்தான் தாங்கியிருக்கின்றன.

அன்றைக்குக் கனடாவிலிருந்து போனில் என்னவெல்லாம் பேசினேன்! "வெளிநாட்டுக் குருவிய அங்க அவுத்து விடலாமா? அங்க உள்ளதுக்கெல்லாம் கேடுண்ணே" என்று பாடம் எடுத்தேன். அது முழுக்கப் பிழையென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டீர்கள்: "ஏன்டா, இந்தியாவுலேருந்து கப்பலேறி வந்த நம்ம பாட்டன் பூட்டன் மட்டும் இங்கயா மொளச்சாங்க?" படக்கென்று போனை வைத்தேன். வீம்புக்கு மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் பேச நீங்கள் இல்லை. அந்தக் கோபத்தோடேயா போனீர்கள்?

நேற்றுத் திதி. உங்களுக்குப் பிள்ளையில்லாததால் நான்தான் படையல் சோற்றை எடுத்துக் கூரைமேல் வைத்தேன். தொண்டை வற்றக் கா கா என்று கூப்பிட்டேன். ஒரு காக்கையும் வரவில்லை. என் கைச்சோறு உங்களுக்கு வேண்டாமோ என்று எனக்கு ஆடிப்போய்விட்டது. அதற்குள் அந்தக் குருவிகள் இறங்கிச் சோற்றைக் கொத்தின. காக்கைக்கு வேண்டுமே என்று துண்டை வீசி விரட்டினேன். மறுபடி வந்தன. மறுபடி விரட்டினேன்.

அண்ணி துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு கையால தீனி தின்ன குருவிங்க தம்பி. இதுகள வெரட்டிட்டு வேற யார கூப்புடுறீங்க?"

துண்டை விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அதை நான் படம் எடுக்கவில்லை, அண்ணே. கேமராவைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருசமும் சோறு வைக்க நானே வருவேன். எது வந்து சாப்பிட்டாலும் கை ஓங்க மாட்டேன்.

சண்டை போட்டாலும் உங்கள் கூடப்பிறந்தவன்,
தம்பி