மூன்றாம் ஞாயிறு வாசிப்பை நிறுத்தக் கோரல்

அனுப்புநர்:
க. சுஜானி,
அல்பெர்கேரியா,
பலேர்மோ, இத்தாலி.

பெறுநர்:
பங்குக் குருவானவர் அவர்கள்,
புனித அன்னாள் தேவாலயம்,
வின்டில்கோட், இங்கிலாந்து.

விடயம்: விமலராஜ் – கேசிகா திருமண அறிவிப்புக்கு ஆட்சேபம்

மதிப்புக்குரிய ஐயா,

1. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர் உண்டா என்று தங்கள் தேவாலயத்தில் கேட்பது வழக்கம் என அறிகிறேன். இம்மாதம் 5ஆம், 12ஆம் திகதிகளில் தாங்கள் வாசித்த விமலராஜ் என் கணவர். 2008இல் கோப்பாயில் தாலி கட்டினார், பதிவும் செய்தோம். விவாகரத்து ஆகவில்லை.

2. தங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஸ்ரெல்லா, முன்பு பலேர்மோவில் எங்கள் அயலில் இருந்தவர். முதல் வாசிப்பன்று பின் வாங்கில் இருந்திருக்கிறார். தாங்கள் தடுமாறி வாசித்தும் பெயர் அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து சொல்லத் துணிவில்லாமல் எனக்கு அறிவித்தார். நாற்பது வீடுள்ள கிராமத்தில் தன்னை யாருக்குத் தெரியும் என்று என் கணவர் நினைத்திருப்பார்.

3. அன்றே பெயர் போடாமல் மின்னஞ்சல் அனுப்பினேன். பெயரில்லாத ஆட்சேபத்தை ஏற்க இயலாது என்று பதில் தந்தீர்கள். நியாயம்தான். ஆனால் நான் ஏன் பெயர் போடவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

4. கணவர் முதலில் இத்தாலிக்கு வந்து, மணமாகாதவர் என்று பதிந்தார். 2011இல் ஏஜென்சிக்காரனின் சொல்லைக் கேட்டு, என் கணவரின் தங்கை சுஜானியின் கடவுச்சீட்டில் நான் வந்தேன். ஒரு வருடத்தில் சரிசெய்யலாம் என்றார்கள். பதின்மூன்று வருடமாக, குவெஸ்தூரா எனும் பொலிஸ் அலுவலகம் தந்த பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியிலும், நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்கும் நான் சுஜானிதான். காகிதத்தில் என் கணவருக்கு நான் தங்கை. எங்கள் மகள் ஆரணியின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. வீட்டில் அப்பா என்றும், பள்ளிக்கூடத்தில் மாமா என்றும் சொல்ல அவளைப் பழக்கினோம். நினைக்க வெட்கமாக இருக்கிறது. எங்களைப் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி 2019இல் அவர் இங்கிலாந்து போனார்.

5. யாரோ ஆட்சேபம் அனுப்பியதை அவர் அறிந்துவிட்டார். சென்ற ஞாயிறு தொலைபேசியில் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "நீ வாய் திறந்தா, ஆற்றை பாஸ்போட்டிலை வந்தனி எண்டு குவெஸ்தூராவுக்கு எழுதிப் போடுவன். பிறகு பிள்ளை எங்கை நிக்கும் எண்டு யோசி." அன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தால் கதவு திறப்பதில்லை. மாடிப்படியில் காலடி கேட்டால் ஆரணியை உள்ளறைக்கு அனுப்புகிறேன். ஏனென்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

6. கேசிகா என்ற அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திராது. நாளைக்கு அவரும் என்னைப்போல் பயந்து வாழக்கூடாது.

7. ஆகவே, வரும் 19ஆம் திகதி மூன்றாம் முறை வாசிக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்கிறேன். விவாகப் பதிவின் பிரதியை இணைத்துள்ளேன். அதிலுள்ள பெயர் வேறு, அனுப்புநர் பெயர் வேறு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இதை ஆங்கிலமாக்கியது என் கைத்தொலைபேசி. வேறொருவரிடம் காட்டப் பயம். இம்மனுவை வைத்து குவெஸ்தூரா என்னை விசாரித்தால் உண்மையைத்தான் சொல்வேன். கீழே போட்டிருப்பது என் சொந்தப் பெயர். எழுதிப் பதின்மூன்று வருடமாகிறது. கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பலேர்மோ,
14.05.2024

தங்கள் பதிலைப் பயத்தோடு எதிர்பார்க்கும்,

ஞானாம்பிகை விமலராஜ்