பனிக்கால டயர் இரைச்சல் என்று நினைத்தேன்

பீஸ் ரிவர், ஆல்பர்ட்டா
மே 17

அன்பு மகள் லாரிசாவுக்கு அப்பா எழுதுவது. இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பு இல்லை. இங்கே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்விட்டது, முற்றம் முழுக்கச் சேறு, கோழிகளை வெளியே விட்டாயிற்று. நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், ஆட்டுப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்க விடியலில் கிளம்புகிறவள், தொப்பி போட்டுக்கொண்டு போ. போனை எடுத்துப் பேசாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, விழாத பாதிக்கு நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறேன், அந்த வழக்கத்தால் வந்த வினையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டு, எப்படிப்பா உங்களுக்கு மனசு வந்துச்சு, முதியோர் இல்லத்துக்குப் போகட்டுமான்னு அம்மா கேட்ட உடனே சரின்னுட்டீங்களாமே என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டது இதுதான் என்று அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது எப்படிப்பா என்கிற ஒரு சொல்தான். உடம்பைக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, எல்லாம் நல்லபடியா இருக்கும்மா, நீ கவலைப்படாதே என்று சொல்லிவைத்தேன். அதைக் கேட்டு நீ என்ன நினைத்திருப்பாயோ, நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சரி என்று சொன்னது உண்மைதான் லாரிசா. எதற்குச் சரி சொன்னேன் என்பதுதான் இந்த வாரம் வரைக்கும் எனக்கே தெரியாது. அதற்குக் காரணம் நம் காரின் முன்கண்ணாடி. சிரிக்காதே, கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முழுவதும் படி.

அம்மாவின் நடுக்க வியாதிக்காக மாதம் ஒருமுறை எட்மன்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறோம் அல்லவா, போன இலையுதிர் காலத்தில் அப்படிப் போகும்போது வேலிவியூவைத் தாண்டி ஒரு மரலாரி கல்லை வாரி இறைத்துவிட்டுப் போனது. முன்கண்ணாடியில் பொட்டு மாதிரி ஒரு அடி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் கிரேடர் ஓட்டி ரோடெல்லாம் கல்லு போட்டியே கிழவா, அதுல ஒண்ணு உன்னைத் தேடிக்கிட்டு வந்திருக்கு என்றாள். அவளுக்குக் குரல் போனதே தவிர வாய் போகவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, விரிசல் இல்லாத காரில் வந்தால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம், பனிக்காலம் முடிந்து, வழுக்காமல் இருக்க ரோட்டில் போட்ட கல்லைப் பெருக்கித் தள்ளுகிற வரைக்கும் யாரும் கண்ணாடி மாற்றமாட்டார்கள், மாற்றினால் மறுவாரமே இன்னொரு கல் வரும். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் விரிசல் மெல்ல மேலே ஏறி, உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமரா வரைக்கும் போய்விட்டது. மூஸ் மான் குறுக்கே வந்தால் முன்கூட்டிக் கத்துமே, கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை உதறுமே, அந்தக் கேமராதான். அதற்குக் கண் தெரியாமல் போனதும் கார் நடுரோட்டில் காரணமில்லாமல் அலறத் தொடங்கியது, ஒவ்வொரு அலறலுக்கும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா வயசுக்கு இந்த வசதியெல்லாம் இருக்கணும் என்று நீ பிடிவாதம் பிடித்து வாங்கவைத்த கார், ஒன்றும் கெடாமல் மாற்ற வேண்டும் என்று கிராண்ட் பிரேரியில் ஷெல்டன் என்கிற கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோனேன். கேமரா இருக்கணும், மழை விழுந்தா வைப்பர் தானா ஓடணும், வைப்பர் உறையாம இருக்கக் கீழே சூட்டுக் கம்பி இருக்கணும், வேகத்தைக் கண்ணாடியிலேயே எண்ணாக் காட்டுதே அது ரெண்டு ரெண்டாத் தெரியக் கூடாது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவர், வேற ஏதாச்சும் இருக்கா தாத்தா என்று கேட்டார், அவ்வளவுதான் என்றேன். கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். இதெல்லாம் உள்ள கண்ணாடி ஒன்று கைவசம் இருக்கிறது என்று மாட்டி, முன்னால் குறி போட்ட பலகை வைத்துக் கேமராவுக்கு மறுபடி பார்வை சொல்லிக்கொடுத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்து கொடுத்தார். அதே நாள் பக்கத்துக் கடையில், பனியைக் கவ்விப் பிடிக்க ஆணி வைத்த பனிக்கால டயரையும் மாற்றிக்கொண்டேன், இரண்டு தடவை அவ்வளவு தூரம் போக வேண்டாமே என்று. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

வீடு திரும்பும்போதே கார் இரைந்தது. ஆணி டயர் போட்டால் இரையும், எல்லோர் காரும் வசந்தம் வரைக்கும் அப்படித்தான் இரையும், அதை யார் கேள்வி கேட்பார்கள். பனிக்காலம் முழுக்க அந்த இரைச்சலோடுதான் எட்மன்டனுக்குப் போய்வந்தோம். அம்மாவின் குரல் எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியும், காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும், மதியத்துக்குள் காற்றாகிவிடும். என் காதோ ரோடு போடுகிற கிரேடர் இஞ்சின் சத்தத்தில் போனது. வீட்டில் அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். காரில் என் கண் ரோட்டில் இருக்க வேண்டும், காதை மட்டும்தான் நம்ப வேண்டும். முன்பெல்லாம் அந்தக் காருக்குள் அது முடிந்தது, போகவர அவள் பேசிக்கொண்டே வருவாள், எனக்கு எல்லாம் கேட்கும், உண்மையைச் சொன்னால் அந்தப் பயணத்துக்காகவே நான் மாதத்தை ஓட்டுவேன். டயர் மாற்றியதிலிருந்து பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு மட்டும் வரும். முதலில் என்னது, என்னது என்று கேட்டுப் பார்த்தேன். அவள் மூச்சைக் கூட்டி மறுபடி சொல்ல, மூன்றாவது தடவை இருமல் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் கேட்பதை விட்டுவிட்டேன். ஆமா, சரிதான், நீ சொன்னா சரி, இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். டயர் மாற்றுகிற வரைக்கும்தானே என்று சமாதானம். போகப்போக அவள் பேசுவது குறைந்தது, மார்ச் வாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினாள். வியாதி ஒரு படி ஏறிவிட்டது என்று நினைத்தேன். நரம்பு டாக்டரிடம்கூடச் சொன்னேன், அவர் மாத்திரையைக் கூட்டினார்.

ஏப்ரல் கடைசியில் உன் மாமா மைரோன் வீட்டு முற்றத்தில் வைத்துக் கோடை டயரை மாட்டினோம். மைரோன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று வந்தான், நெடுஞ்சாலையில் ஏறியதும், மச்சான், எங்கயாச்சும் ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கியா என்றான். எல்லாம் மூடித்தான் இருந்தது. அப்புறம் ஏன்யா இப்படி இரையுது, லாரிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு என்றான். டயர் இல்லை என்றால் வேறு என்ன, அன்றைக்கு மாற்றியது இரண்டுதானே. ஷெல்டனுக்குப் போன் போடச் சொன்னேன். அவர் காரின் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, அடடா தாத்தா, உங்க பழைய கண்ணாடில ரெண்டு தகட்டுக்கு நடுவுல சத்தத்தை அடக்குற படலம் ஒண்ணு இருந்திருக்கு, இதுல அது இல்ல, நீங்களும் கேக்கல, நானும் பாக்கல என்றாராம். படலத்துக்கு நிறமும் கிடையாது, பொத்தானும் கிடையாது, இருந்தவரைக்கும் இருப்பதே தெரியாது. சரியான கண்ணாடியை வரவழைக்கிறேன் என்று சொல்லி, இந்தப் புதன்கிழமை மாற்றினார். மறுபடி பலகை, மறுபடி கேமராவுக்குப் பாடம். அம்மா காத்திருக்கும் நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பிக் காரில் ஏற்றுவதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது, சோர்வு என்றால் அப்படி ஒரு சோர்வு.

கிளம்பினோம். செக்ஸ்மித் ஊரைத் தாண்டினோம். காருக்குள் அவ்வளவு அமைதி, வைப்பர் நகர்வதுகூடக் கேட்டது. அப்புறம் அம்மா பேசினாள். அதே காற்றுக் குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது லாரிசா. ஜூன்ல நான் போனதுக்கப்புறம் கோழிய எல்லாம் மைரோன்கிட்டக் குடுத்துடு, உன்னால தனியாப் பாக்க முடியாது என்றாள். எங்கே போகப்போறே என்று கேட்டேன். அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன கிழவா, விளையாடுறியா, இல்லத்துக்குத்தான், வேற எங்க, ரூம் காலியாகுதுன்னு சொல்லிட்டாங்களே என்றாள். நான் டன்வீகன் பாலத்துக்கு முன்னால் இருக்கிற இறக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். பிறகு அவளே நடந்ததைச் சொன்னாள். ஜனவரியில் ஃபாக்ஸ் கிரீக் பக்கம் பனி வீசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டிருக்கிறாள், உன்னால என்னைத் தூக்கி இறக்க முடியல, நான் இல்லத்துக்குப் போயிடட்டுமா என்று. நான் ரோட்டைப் பார்த்தபடி, சரிதான், நீ சொன்னா சரி என்றிருக்கிறேன். அவளுக்கு நம்ப முடியாமல் இன்னொரு தடவை, போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் ஆமா என்றேனாம். ரொட்டி வாங்கவான்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்லிட்டியே, ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே என்றாள். மறுநாளே அவளாகப் போன் செய்து பெயர் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், அதைத்தான் நான் வியாதி என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கேக்கலடி ஸ்டெஃபா, சத்தியமா எனக்கு ஒண்ணுமே கேக்கல என்று சொன்னேன். அவள் முகம் இப்போதெல்லாம் அசைவதில்லை, சந்தோஷமா துக்கமா என்று பார்த்துத் தெரியாது, கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. போகணும்ங்கிற ஆசையிலயா கேட்டேன், வேணாம்னு ஒரு வார்த்தை நீ சொல்லுவேன்னுதான் கேட்டேன் என்றாள். வேணாம் என்றேன். காருக்குள் கத்தவே தேவையில்லை, நான் கத்தினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வர இருட்டிவிட்டது, இரண்டு பேரும் மிச்சமிருந்த போர்ஷ் சூப்பைக்கூடச் சூடு பண்ணாமல் குடித்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் இல்லத்துக்குப் போன் செய்து பெயரை எடுக்கச் சொல்லியாயிற்று. நான் பேசுகிறேன் என்றால் விடவில்லை, நான்தான் குடுத்தேன், நான்தான் எடுப்பேன் என்று அவளே பேசினாள். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், எனக்கு அசதி இருக்கிறது. ராத்திரி இரண்டு தடவை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், குளிக்கவைக்க வேண்டும், என் முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இன்னொரு பனிக்காலம் தாங்குமா என்று தெரியவில்லை. அவளுக்கும் அது தெரியும். முடியாதப்போ முடியலன்னு சொல்லு, நான் போறேன், ஆனா நான் கேக்கறதைக் காதுல வாங்கிக்கிட்டுச் சொல்லு என்று சொல்லியிருக்கிறாள். அதற்காக வருகிற வாரம் காதுக்குக் கருவி வாங்கப் போகிறேன், நீ எத்தனையோ வருஷமாகச் சொல்லியும் கேட்காதவன். வாரத்தில் இரண்டு நாள் வந்து அவளைக் குளிக்கவைக்க ஓர் ஆளுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறான் மைரோன், நான் இந்தத் தடவை வேண்டாம் என்று வீறாப்புப் பேசவில்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், லீவு கிடைக்கும்போது ஹேமிஷோடு நிதானமாக வா. அப்பாமீது இருந்த கோபம் போயிருந்தால் போதும், போகாவிட்டாலும் எழுது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழுகிற தூரத்தில் நீண்ட காலம் வாழ வேண்டும், கடவுள் உங்கள் பக்கம் இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே. அம்மாவுக்கு நீ காலையில் போன் செய், மதியம் தாண்டினால் குரல் இருக்காது. எடுத்ததும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே, பெயரை எடுக்க அம்மா பேசியபோது இல்லத்தில் போனை எடுத்த பெண் ஹலோ ஹலோ என்று சொல்லி இரண்டு தடவை வைத்துவிட்டாள். நீ அப்படியே போனைக் காதில் வைத்துக்கொண்டு இரு. அம்மா பேசிக்கொண்டுதான் இருப்பாள்.

உன் அப்பா,
ஒரெஸ்ட்