இரண்டு குட்டை, ஒரு நெட்டை

வீட்டு எஜமானிக்கு,

உன் சக்களத்தி எழுந்துவிட்டாள்! மியூசிய ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த என் பழைய நீராவி இன்ஜின் இன்று காலை ஓடியேவிட்டது. ரிட்டயர் ஆன என்னையே ஓட்டச் சொன்னார்கள். உடம்பெல்லாம் கரியோடு குதித்தேன், இந்த வயதில்!

ஒரு கூத்தைக் கேள். "நீளமா ஒரு விசில் கொடுங்க" என்றார் அதிகாரி. கை கேட்டால்தானே? இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடித்துவிட்டது. நம் வீட்டுப் பக்கத்துத் தண்டவாள வளைவில் தினமும் அடிப்பேனே, 'வந்துட்டேன், அடுப்பைப் பத்த வை' என்று, அதே விசில்.

"இது எந்த ரூல்ல இருக்குண்ணே?" என்றான் ஃபிட்டர்.

"எங்க வீட்டு ரூல்டா."

அவன் சிரித்தான். எனக்குக் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது.

ரிப்பேர் பார்க்கிறேன் என்று ஷெட்டே கதியாகக் கிடந்த என்னிடம் 'அவளோடயே குடித்தனம் நடத்துங்க' என்று சொல்லிவிட்டு நீ மகள் வீட்டுக்குப் போனதை நான் மனதில் வைக்கவில்லை. இங்கே அடுப்பில் பூனை தூங்குகிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் இவளை நான்தான் ஓட்டுகிறேன், வண்டி மகள் ஊர் வழியாகத்தான் வருகிறது. அந்த விசில் கேட்டால் அங்கே அடுப்பைப் பற்ற வைக்காதே. பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வா. இந்தத் தடவை நம் வீட்டு அடுப்பை நான் பற்ற வைக்கிறேன்.

உன்,
கரிச்சட்டி