செல்வராஜ் சீவிய கட்டை

வெள்ளி, ஐப்பசி 2002

கயத்தாறு செல்வராஜின் மனைவி போன வாரம் அவருடைய பழைய பேஸ் கிட்டாரை என் பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கொண்டுவந்து, "வாங்குனப்போ இருந்த மாதிரியே ஆக்கிருங்க அண்ணாச்சி" என்றாள். அதன் கழுத்துக் கட்டையை யாரோ கண்டபடி சீவியிருந்தார்கள். வேறு கட்டை மாட்டினேன்.

இன்று அவரையும் கூட்டி வந்தாள். பட்டாசு ஆலைத் தீயில் அவர் விரல்கள் மடங்கிப்போனது அப்போதுதான் தெரிந்தது. கம்பியை அழுத்தப் பார்த்தார். விரல் எட்டவில்லை.

"என் கைக்குன்னு நானே சீவுனதுல்லா? அது எங்க?"

நல்லவேளை, எறியவில்லை. பரணிலிருந்து எடுத்தேன்.

"முன்ன மாதிரி வாசிப்பீங்கன்னு நெனச்சேன்" என்று அவள் அழுதாள். யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றேன்.

கடைசியில் அவளே திருப்புளியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பழசையே மாட்டுங்க அண்ணாச்சி."