டாமியனுக்கு நான் என்ன வேணும்?

எஸ்டான்சியா,
4 மார்ச் 1996

மதிப்புக்குரிய வக்கீலம்மாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை பேப்பரில் நீங்கள் எழுதும் ‘சட்டம் நமக்கும்’ பகுதியை விடாமல் படிப்பவள் நான். கருவாடு பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பர்களில் உங்கள் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

என் சிநேகிதி ஒருத்திக்காகக் கேட்கிறேன். அவள் கணவர் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். போன வெள்ளிக்கிழமை துறையில் நடந்த சண்டையில் படகு மேஸ்திரி ருபெர்த்தோவைக் கத்தியால் குத்திவிட்டார். மேஸ்திரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பின்னாலிருந்து குத்தியதாகப் போலீஸ் சொல்கிறது. கணவரைச் சிநேகிதி ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டு தடவை போலீஸ் வந்து கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டாள். இதற்காக மனைவியையும் ஜெயிலில் போடுவார்களா? வாசலில் ஒரு வாடகை டிரைசிக்கிள் நின்றாலே போலீஸ் என்று பின்கட்டுக்கு ஓடுகிறாள்.

தயவுசெய்து பெயர் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெலாகியா தாகோய்

---

இலோயிலோ,
11 மார்ச் 1996

அன்புள்ள பெலாகியாவுக்கு,

உங்கள் கேள்விக்கு இந்தச் சனிக்கிழமை பேப்பரிலேயே பதில் எழுதுகிறேன், பெயர் வராது. உங்கள் சிநேகிதி அதுவரை பயந்துகொண்டிருக்க வேண்டாமே என்றுதான் இந்தக் கடிதம்.

குற்றம் செய்தவரை ஒளித்து வைத்தவர் அவருடைய மனைவியோ, பெற்றவர்களோ, பிள்ளைகளோ, கூடப் பிறந்தவர்களோ என்றால் நம் தண்டனைச் சட்டம் அவர்களை விட்டுவிடுகிறது. பாசம் செய்யச் சொல்வதைச் சட்டத்தால் தடுக்க முடியாது என்ற எண்ணம்தான். குற்றத்தால் வந்த பொருளை அனுபவித்தால் மட்டும் விடாது. ஆனாலும் விசாரணையைத் தடுத்ததாக வேறொரு சட்டத்தைக் காட்டி மனைவியையே இழுக்கப் பார்க்கும் அரசு வக்கீல்களும் உண்டு. ஆகவே இதை நிழல் என்று நம்பி அதிக நாள் உட்கார வேண்டாம்.

அவராகவே போய்ச் சரணடைந்தால் தண்டனை குறையும். போலீஸ் வந்து பிடித்தால் அந்தச் சலுகை போய்விடும். ஊர்த்தலைவரிடம் சரணடைந்தாலும் செல்லும். முதலில் அடித்தது யார் என்று சிநேகிதியைக் கேட்டுச் சொல்லுங்கள். அதில் எல்லாமே மாறலாம்.

சிநேகிதியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
சோலேதாத் எஸ்பினார்

---

எஸ்டான்சியா,
17 மார்ச் 1996

வக்கீலம்மாவுக்கு,

சிநேகிதி என்று யாரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டாமியன் எங்கள் கருவாட்டுக் கிடங்கின் பரணில் இருக்கிறார். நேற்று வந்த பேப்பரை ஏணியில் நின்றபடி அவருக்குப் படித்துக் காட்டினேன். “பாத்தியா, சட்டமே உன்ன விட்டுடுச்சு. நீ ஏன் செத்துச் செத்துப் பொழைக்கிற?” என்று சிரித்தார். பதினாறு நாளில் முதல் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதலில் துடுப்பால் அடித்தது மேஸ்திரிதான். டாமியன் தோளில் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. பார்த்தவர்கள் இருவர். இரண்டு பேரும் மேஸ்திரியின் தம்பிகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். ஊரே என்னை டாமியன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் மோதிரம், மாதா கோயில், கையெழுத்து எதுவும் இல்லை. அவர் மணந்த மனைவி மிண்டோரோ தீவில் உயிரோடு இருக்கிறாள். இந்த நாட்டுச் சட்டத்தில்தான் விவாகரத்தே கிடையாதே. பேப்பரில் நீங்கள் எழுதிய ‘மனைவி’ நான்தானா?

இதை இன்றைய பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள். மேஸ்திரியின் தம்பிகள் தினமும் கடைக்கு வந்து கருவாடு வாங்குகிறார்கள். இதற்கு முன்னால் வாங்கியதே இல்லை.

பெலாகியா

---

இலோயிலோ,
18 மார்ச் 1996

பெலாகியா,

பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

இல்லை, அது நீ இல்லை. சட்டம் சொல்லும் மனைவி முறைப்படி மணந்தவள் மட்டும்தான். மிண்டோரோவில் இருப்பவள் ஒளித்து வைத்தால் விட்டுவிடும். ஒன்பது வருடம் சோறு போட்ட உன்னை விடாது. முதல் கடிதத்திலேயே இதை நான் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருட வக்கீல், கேட்காமல் விட்டேன். பேப்பரை நம்பி நீ பரணுக்குச் சோறு ஏற்றிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குக் கை ஓடவில்லை.

ருபெர்த்தோ நேற்று இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். இனி இது கொலை வழக்கு.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் ஊர்த்தலைவர் வீட்டில் இருப்பேன். டாமியனை அழைத்து வா. நானே அவருக்காக ஆஜராகிறேன். அதற்குள் யார் எது கேட்டாலும் வாய் திறக்காதே. பதில் சொல்லாமலிருப்பது உன் உரிமை. பொய் மட்டும் சொல்லாதே.

சோலேதாத்

---

எஸ்டான்சியா,
23 மார்ச் 1996

வக்கீலம்மாவுக்கு,

வியாழக்கிழமை உங்களைக் காக்க வைத்து ஏமாற்றிவிட்டேன். மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை டாமியனுக்குப் படித்துக் காட்டிவிட்டு உடனே எரித்தேன். அவர், “அப்போ அந்த மிண்டோரோக்காரி ஒளிச்சு வெச்சா தப்பில்ல, நீ வெச்சா தப்பா?” என்றார்.

“சட்டம் அப்படித்தானாம்.”

“சரி, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். கூடப் பொறந்தவளத் தொடாதுன்னு உன் வக்கீலம்மாதானே எழுதினாங்க?”

அங்கே மூன்று சின்னக் குழந்தைகள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “போலீஸ் தொடாது. ருபெர்த்தோ தம்பிங்க பேப்பர் படிக்கிறவங்க இல்ல!” என்றேன்.

தங்கச்சி பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

புதன்கிழமை நண்பகல், கடைத்தெரு எல்லாம் ருபெர்த்தோவின் சவ ஊர்வலத்துக்குப் போயிருந்த நேரம், இறங்கி வந்தார். குளித்தார். சட்டை போட்டுக்கொண்டார். நானும் செருப்பை மாட்டினேன். “நீ வராத. வந்தா இத்தன நாளு எங்க இருந்தான்னு உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க” என்றார். தனியாகப் பக்கத்து ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்தார். இத்தனை நாளும் அலையாத்திக் காட்டில் கிடந்தேன், யாரும் சோறு போடவில்லை என்று சொன்னாராம்.

வியாழன் காலை நான் கிளம்பும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பரணுக்கு ஏறிப் பார்த்தார்கள். தட்டுகளைக் கழுவி வைத்திருந்தேன். வாய் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். இறங்கி வந்ததும் இருவரில் மூத்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “டாமியனுக்கு நீ என்ன வேணும்மா?”

“ஒண்ணும் இல்லீங்க. யாரோ, நான் யாரோ” என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் போய்விட்டார்கள். பின்னாலேயே வருவார்களோ என்று பயந்துதான் உங்களிடம் வரவில்லை. அது பொய்யா வக்கீலம்மா? சட்டப்படி பார்த்தால் உண்மைதானே?

அவரைப் போய்ப் பாருங்கள். தோளில் உள்ள அடியை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், நமக்கிருக்கும் சாட்சி அது ஒன்றுதான், ஆறிவிடப் போகிறது.

நாளை ஞாயிறு. கைதிகளைப் பார்க்க விடுவார்களாம். வாசலில் ஒரு நோட்டில் பெயரும், என்ன உறவு என்றும் எழுத வேண்டுமாம். இந்தக் கடிதம் உங்களுக்குத் திங்கள்கிழமைதான் கிடைக்கும் என்று தெரிந்தும் கேட்கிறேன். அங்கே நான் என்ன எழுதட்டும்?

பெலாகியா