நம் படகின் நிறம்

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே, பழைய துண்டில் சுற்றியபடி, நம் வீடியோ கேம். கைப்பிடியின் பொத்தான் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. உன் கட்டைவிரல் செய்த வேலை அது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, ஆனால் நம் பந்தயம் முடியவில்லையே.

நாம் ஆறாம் வகுப்பு படித்தபோது என் பெரியப்பா பாரிசிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. ஞாயிற்றுக்கிழமைப் படமெல்லாம் கலராகத் தெரிகிற எங்கள் டிவியில் இது மட்டும் கறுப்பு வெள்ளையாக வந்தது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். "பிரான்சுல கலரு அனுப்புற முறையே வேறங்க. நம்ம டிவிக்கு அது புரியாது" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்குத்தான் வருத்தம். திரையில் ஒரு படகு ஓடியது, நமக்கு அது போதும்.

அலைகளையும் பாறைகளையும் தாண்டிப் படகைக் கரை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அலையைக் கண்டதும் நான் படகைத் திருப்பிக்கொண்டு ஓடுவேன். கவிழ்ந்துவிடும். மீனவர் ஊரான கருக்களாச்சேரிக்காரி நீ, முதல் நாளே படகின் மூக்கை அலைக்கு நேராக வைத்து ஏறி இறங்கினாய். "மூஞ்சியக் காட்டுடி. அலைக்கிட்ட போய் முதுகக் காட்டுறியே" என்று என் தலையில் குட்டினாய். படகோடு சேர்ந்து உன் உடம்பும் சாயும். ஒருமுறை நாற்காலியோடு சாய்ந்து அம்மாவின் அதிரசத் தட்டில் விழுந்தாய். எழுந்ததும் நீ பார்த்தது தட்டை அல்ல, திரையைத்தான்.

படகின் நிறத்தைப் பற்றிய சண்டையைத் தொடங்கியது நான்தான். பெட்டியோடு வந்த புத்தகத்தில், நீலத்துக்கான பிரெஞ்சுச் சொல் ஒரு வரியில் இருந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே பத்துச் சொல். பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிறவர் மகள் என்ற திமிர் விடுமா?

"படகு நீலம்னு புக்குலயே போட்டிருக்குடி."

"ஒங்க புக்கு கடலுக்குப் போயிருக்கா? கடலும் நீலம், படகும் நீலம்னா யாரு கண்ணுக்குடி தெரியும்? தூரத்துலேர்ந்து தெரியணும்ல? இது சிவப்பு."

அன்றைக்குப் போட்ட பந்தயம்தான். தோற்றவள் கருக்களாச்சேரி கரையில், மீன் ஏலம் நடக்கும்போது, "நான் தோத்துட்டேன்" என்று மூன்று தரம் கத்த வேண்டும்.

அதன்பிறகு நமக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், தலை நரைத்தது. எங்கே பார்த்தாலும் நீ "சிவப்பு" என்பாய், நான் "நீலம்" என்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் விழிப்பார்கள். ஆஸ்பத்திரியில், பேசவே நீ சிரமப்பட்ட நாளில்கூட என் கையைப் பிடித்து, "கலரு பாத்தியாடி?" என்றாய். இல்லை என்றேன். "பாத்தா மறைக்காம சொல்லு. நீ மறைப்ப" என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பெட்டியைப் பார்த்த என் மகள் சும்மா இருக்கவில்லை. எங்கோ தேடி ஒரு சின்னக் கருவியை வாங்கி, கேமுக்கும் டிவிக்கும் நடுவில் மாட்டினாள். நேற்று திரையில் நிறம் வந்தது. கடல்தான் நீலம். புத்தகம் சொன்னது அதைத்தான். அதன் நடுவே நம் படகு, நல்ல சிவப்பாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. ஒரு நொடி, இதை உன்னிடம் மறைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. என்னை நீ சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தாய்.

இன்று காலை கருக்களாச்சேரிக்குப் போனேன். ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. "நான் தோத்துட்டேன்" என்றேன். குரல் எழும்பவில்லை. அடுத்த தரம் நன்றாகவே எழும்பியது. ஏலம் கூறியவர் வாயை மூடிவிட்டார்.

கூடையோடு நின்ற ஓர் அம்மா, "யார்ட்டங்க தோத்தீங்க?" என்று கேட்டார்.

"என் கூட்டாளிக்கிட்டங்க. சின்ன வயசுல போட்ட பந்தயம்."

"தோத்துட்டு ஏங்க சிரிக்கிறீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்தேன்.

மூன்றாம் தரம் கத்தவில்லை. கத்தினால் பந்தயம் முடிந்துவிடும். "ஏமாத்தாதடி" என்று நீ சொல்வது கேட்கிறது. ஏமாற்றத்தான் செய்கிறேன். அந்த ஒன்று என்னிடமே இருக்கட்டும். அங்கே வரும்போது உன் காதுக்குள்ளேயே கத்துகிறேன்.