பீரங்கியும் கண்ணாடியும்

மார்ச் 3, ஞாயிறு

இன்றைக்குத்தான் ஒழுங்காக விழுந்தேன்! முதுகு மொத்தமும் ஒரே சமயத்தில் மெத்தையில் பட வேண்டும், மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், உள்ளங்கைகள் படாரென்று அறைய வேண்டும். அந்தச் சத்தம் இருக்கிறதே, கிடங்கே அதிர்ந்தது. வலி துளிகூட இல்லை.

நாத்தனார் வேலை பார்க்கும் மெத்தைக் கிடங்குக்கு ஞாயிறு விடுமுறை. மேனேஜர் நல்ல மனுஷர். திரும்பி வந்த பழைய மெத்தைகளை மட்டும் தொடலாம் என்று சொல்லிச் சாவி கொடுத்திருக்கிறார். மெத்தைகளைச் சேர்த்துப் போட்டுச் சுற்றிக் கயிறு கட்டினால் எங்கள் ரிங் தயார். ஃபோனை ட்ரைபாடில் மாட்டிவிட்டு நான் உள்ளே குதிப்பேன். ரிங்கில் நாத்தனார் பெயர் பீரங்கி. நான் கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அவள் வேறென்ன பெயர் வைப்பாள்? பீரங்கி எப்போதும் ஜெயிப்பாள், கண்ணாடி எப்போதும் நொறுங்குவாள். எல்லாம் பேசி வைத்துக்கொண்டுதான். ஆனால் தூக்குவதும் விழுவதும் நிஜம்.

டிவியில் ரெஸ்லிங் வந்தால் சோறு தண்ணி மறக்கிற இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். இவருக்குத் தெரியும். எலும்பெல்லாம் பத்திரமா என்று கேட்பதோடு சரி. அத்தைக்குத்தான் தெரியாது. கிடங்கில் கணக்கெடுப்பு என்று புளுகி வைத்திருக்கிறோம்.

மார்ச் 6, புதன்

நேற்று யூடியூபில் போட்ட எங்கள் வீடியோவுக்குக் கீழே நம் ஊர் ரெஸ்லிங் கிளப்பின் பயிற்சியாளர் எழுதியிருக்கிறார்: "தூக்கி எறிபவரை நேரில் பார்க்க வேண்டும்."

பீரங்கியை! கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர், தான் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டதால் கத்துகிறேன் என்று நினைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பாவம்.

மார்ச் 10, ஞாயிறு

சிரிக்கவா, பயப்படவா?

நல்ல மழை. தகரக் கூரையில் காது கிழிகிற சத்தம். நாத்தனார் என்னைத் தோளில் தலைகீழாகத் தூக்கியிருந்தாள். அப்போது பார்த்து வாசலில் அத்தை! வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வந்திருக்கிறோம், கொடுக்க வந்திருக்கிறார். நான் கண்டதெல்லாம் தலைகீழாக ஓடி வரும் செருப்புகள். அத்தை என்னவோ கத்தினார், காதில் விழவில்லை. கயிற்றைத் தாண்டி வந்து குடையாலேயே நாத்தனார் முதுகில் விளாசினார். பெற்ற மகள் முதுகில்!

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. பைத்தியங்களா என்று சொல்லிவிட்டு, சாவியை வைத்துவிட்டு, மழையிலேயே போய்விட்டார்.

எல்லாம் பதிவாகியிருக்கிறது. எல்லாமே!

மார்ச் 11, திங்கள்

மதிய இடைவேளையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு எடிட் செய்ய உட்கார்ந்தேன். ஃபோன் வாசல் பக்கம் இருந்ததால், நேற்று கேட்காதது இன்று தெளிவாகக் கேட்டது.

"என் மருமகளை விடுடி! அவளுக்கு ஏதாவது ஆச்சு, நீ எனக்குப் பொண்ணே இல்ல!"

என் மருமகளாம். இத்தனை வருஷத்தில் நான் 'அவன் பொண்டாட்டி', கோபம் வந்தால் 'அந்த மகாராணி'. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

இருந்த சந்தோஷத்தில் நேராகக் கிடங்குக்கு, நாத்தனாரிடம் ஓடினேன். முட்டாள் நான். ஒரு முறைதான் கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"ஸ்கூல்ல என்னை அடிச்சிட்டாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தப்போ, நீ என்னடி பண்ணினேன்னுதான் அம்மா கேட்டாங்க. எனக்காக ஒரு நாளும் இப்படி ஓடி வந்ததில்ல. இதை அழிச்சிடுங்க அண்ணி."

அழித்தேனா? இல்லை. போடவும் மாட்டேன்.

மார்ச் 14, வியாழன்

பயிற்சியாளர் நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டார். கிளப்புக்குத் தனியாகவே போய் வருகிறாள். நான் கேட்டால் ம், உம். அவ்வளவுதான்.

மார்ச் 23, சனி

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு மேடை! நிஜ ரிங், நிஜக் கூட்டம்! என்னிடம் சொல்லும்போது கோபத்தை மறந்து கட்டிப்பிடித்துவிட்டாள். நான் வீடியோ எடுக்கவும் கிளப்பில் அனுமதி வாங்கியிருக்கிறாள்.

இனியும் அத்தையிடம் மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நடந்தது சண்டையில்லை, பேசி வைத்துச் செய்வது என்றேன். அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் அவளைச் சும்மாவே அடிச்சிட்டேனா?"

கொஞ்சம் கழித்து, தனக்கும் ஒரு டிக்கெட் வேண்டும் என்றார். எழுந்து ஓடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 30, சனி

ஜெயித்துவிட்டாள்! பீரங்கி ஜெயித்துவிட்டாள்!

முழுசாக எழுதுகிறேன். முடிவு முன்பே பேசி வைத்ததுதான், ஆனால் எனக்கு அவள் மூச்சுவிடவில்லை. விளையாட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. எதிராளி இரும்புக்கை, லாரி ஓட்டும் பெண்ணாம். பீரங்கியைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டாள். கூட்டம் ஊளையிட்டது. நான் ரிங்கின் ஓரத்தில் ஃபோன் கேமராவோடு. தற்செயலாக முன் வரிசையைப் பார்த்தேன்.

அத்தை நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி பாதி எழுந்து, சத்தியம் ஞாபகம் வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து... முகம் கோணி, உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. என் கை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அரங்கம் இடிந்துவிழுகிற மாதிரி ஆரவாரம் கேட்ட பிறகுதான் விழித்தேன். பீரங்கி அதற்குள் இரும்புக்கையைத் தூக்கி எறிந்து அமுக்கி, நடுவர் எண்ணியும் முடித்துவிட்டார்.

அவளுடைய முதல் வெற்றி என்னிடம் இல்லை. இதை எந்த வாயால் சொல்லப்போகிறேன்?

மார்ச் 31, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஃபோனையே கொடுத்துவிட்டேன்.

அத்தை முகம் மட்டும்தான் திரையில். கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் கேட்கவே இல்லை. நாத்தனார் உதட்டையே பார்த்தாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். மறுபடியும்.

"அம்மா என்னைத்தான் கூப்பிடறாங்க. குழந்தையா இருந்தப்போ ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்."

என்ன பெயர் என்று கேட்டேன். உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் அத்தை சமையலறையிலிருந்து நாத்தனாரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். எனக்கும் கேட்டது. பீரங்கி முகம் சிவந்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "வரேம்மா" என்று ஓடினாள்.

இங்கே எழுதப்போவதில்லை.